ஏமி ஜான்சன்: எஞ்சினைக் கற்றுக்கொண்டு வானேறிய பெண்

கேள்வி இதுதான்: “நூறு மணிநேரம்கூடப் பறந்த அனுபவம் இல்லாத ஒரு அலுவலகச் செயலாளர், 1930-இல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக விமானம் ஓட்டிச் சென்றதைத் திறமை என்பதா, அதிர்ஷ்டம் என்பதா? வழியில் இறங்கிய இடங்களில் பாதியில் விமானத்தைச் சேதப்படுத்திக்கொண்டே போனவரை உலகம் ஏன் அவ்வளவு கொண்டாடியது? கடைசியில் அவரைச் சொந்த நாட்டுப் படையே சுட்டு வீழ்த்தியது என்று சொல்கிறார்களே, அது உண்மையா?”

மூன்றும் நியாயமான கேள்விகள். ஏமி ஜான்சனைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் “துணிச்சல்மிக்க பெண்” என்ற அளவில் நின்றுவிடுகின்றன. துணிச்சலை மட்டும் வைத்துக்கொண்டு 1930-இல் யாராலும் பதினேழாயிரம் கிலோமீட்டர் பறந்திருக்க முடியாது. அவரிடம் இருந்த வேறொரு தகுதியை அறியாமல் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல இயலாது. அவர் விமானியாக இருந்ததோடு விமான மெக்கானிக்காகவும் இருந்தார். அதுவும் முறையாகத் தேர்வு எழுதி, அரசு உரிமம் பெற்ற மெக்கானிக். பிரிட்டனில் அந்த உரிமத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். என்னைப் பொறுத்தவரை, அவருடைய புகழ் முழுவதும் நிற்க வேண்டிய இடம் அந்த உரிமம்.

ஏமி 1903 ஜூலை 1 அன்று இங்கிலாந்தின் யார்க்ஷையர் பகுதியிலுள்ள ஹல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். நான்கு பெண்களில் மூத்தவர். டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறிய தாத்தா தொடங்கிய மீன் வியாபாரத்தை அப்பா நடத்திவந்தார். வசதியான குடும்பம்தான், ஆனால் அந்தக் காலத்தில் விமானம் ஓட்டிய பெண்கள் பிறந்த வட்டம் இவர்களுடையதன்று. 1928-இல் ஆப்பிரிக்காவின் நெடுக்குப் பாதையில் பறந்து பேர்பெற்ற ஹீத் சீமாட்டியும் பெய்லி சீமாட்டியும் பணத்தாலும் உயர்குடித் தொடர்புகளாலும் முன்வரிசையில் இருந்தவர்கள். ஏமியோ ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துப் பட்டம் பெற்று, லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தவர். பல ஆண்டுகள் காதலித்த சுவிட்சர்லாந்துக்காரர் 1928-இல் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். அந்த ஆண்டுதான் ஏமி லண்டனின் வடபுறத்திலுள்ள ஸ்டாக் லேன் விமானத் திடலில் லண்டன் ஏரோப்ளேன் கிளப்பில் சேர்ந்தார். இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டு, காதல் தோல்விதான் அவரை வானத்துக்கு அனுப்பியது என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தத் துயரம் அவரை உலுக்கியது உண்மை. ஆனால் அதிகாலையில் எழுந்து விமானத் திடலுக்குப் போய், பிறகு அலுவலகம் சென்று, மாலையில் மீண்டும் கொட்டகைக்குத் திரும்பும் ஒழுங்கை ஒருவர் மாதக்கணக்கில் கடைப்பிடிக்கிறார் என்றால், அதற்குக் காரணம் அந்த வேலையின்மேல் வந்த பிடிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

பறக்கக் கற்றுக்கொள்வதில் அவர் சூட்டிகையான மாணவி அல்லர். தனியாக ஓட்ட அனுமதி கிடைக்க மற்றவர்களைவிடக் கூடுதல் பயிற்சி தேவைப்பட்டது. 1929 ஜூனில்தான் முதன்முறை தனியாகப் பறந்தார். தரையிறக்கம் அவருக்குக் கடைசிவரை சிக்கலாகவே இருந்தது. ஆனால் அதே கிளப்பின் கொட்டகையில் ஜாக் ஹம்ப்ரீஸ் என்ற தலைமைப் பொறியாளர் இருந்தார். ஏமி அவரிடம் சென்று, எஞ்சின் வேலை கற்றுத்தரும்படி கேட்டார். பெண்கள் அந்தக் கொட்டகைக்குள் வந்து கையில் ஸ்பேனர் எடுப்பது அதுவரை நடக்காத ஒன்று. எண்ணெய்க் கறையோடு வேலை செய்த அவரை அங்கிருந்த மெக்கானிக்குகள் “ஜானி” என்று அழைத்தார்கள். சிலிண்டர் தலையைக் கழற்றுவது, வால்வுகளைத் தேய்த்துச் சீராக்குவது, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவின் நேரத்தைச் சரிசெய்வது, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்வது என்று ஒரு சாதாரணப் பயிற்சியாளர் செய்யும் எல்லா வேலையையும் அவர் செய்தார். 1929 டிசம்பரில் ‘சி’ வகைத் தரைப் பொறியாளர் உரிமம் அவர் கைக்கு வந்தது. பறப்பதற்கு முன் எஞ்சினைச் சோதித்து, அது பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடும் அதிகாரம் அந்த உரிமத்தில் அடங்கும். அதற்குள் அலுவலக வேலையையும் விட்டிருந்தார்.

ஆஸ்திரேலியப் பயணத்தின் பின்னணி இதுதான். விமானத் துறையில் ஒரு வேலை வேண்டும், பெண் என்பதற்காக யாரும் கதவைச் சாத்தக் கூடாது என்பது அவர் விருப்பம். பெயர் வெளியே தெரியும்படி ஏதாவது செய்தாலொழிய அது நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1928-இல் பெர்ட் ஹிங்க்லர் என்ற ஆஸ்திரேலியர் லண்டனிலிருந்து டார்வினுக்கு பதினைந்தரை நாளில் தனியாகப் பறந்திருந்தார். அதை முறியடிப்பதுதான் ஏமியின் குறிக்கோள். பணத்துக்குப் பலரிடம் எழுதிக் கேட்டார், பலரும் கைவிரித்தார்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநராக இருந்த செஃப்டன் பிராங்கர் அவருடைய முயற்சியில் நம்பிக்கை வைத்து, காஸ்ட்ரால் எண்ணெய் நிறுவனத்தின் அதிபர் வேக்ஃபீல்டு பிரபுவிடம் பரிந்துரைத்தார். வேக்ஃபீல்டும் ஏமியின் அப்பாவும் பணம் போட, 600 பவுண்டு விலையில் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஜிப்சி மாத் விமானம் வாங்கப்பட்டது. கரும்பச்சை வண்ணம் பூசி, அப்பாவின் மீன் கம்பெனியின் வணிகச் சின்னமான “ஜேசன்” என்பதையே அதற்குப் பெயராக வைத்தார்.

அந்த விமானத்தைக் கொஞ்சம் விவரித்தாக வேண்டும். மரச் சட்டத்தாலான உடல், மரச் சட்டத்தின்மேல் லினன் துணி போர்த்திய இரட்டை அடுக்கு இறக்கைகள், ஏறத்தாழ நூறு குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். விமானி உட்காரும் இடத்துக்கு மேற்கூரை கிடையாது. காற்றும் மழையும் நேராக முகத்தில் அடிக்கும். வேகம் மணிக்கு சுமார் 135 கிலோமீட்டர். வானொலிக் கருவி கிடையாது. திசைகாட்டியும், நீளவாக்கில் வெட்டி ஒட்டிய வரைபடங்களும், கீழே தெரியும் ஆறும் ரயில் பாதையும்தான் வழிகாட்டிகள். தொலைதூரப் பயணத்துக்காகக் கூடுதல் பெட்ரோல் டேங்குகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து மேல் இறக்கையிலுள்ள டேங்குக்குப் பெட்ரோலைக் கையால் பம்ப் அடித்து ஏற்ற வேண்டும். ஒரு கையால் விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பம்ப் அடித்தபடி, பெட்ரோல் ஆவியால் குமட்டிக்கொண்டு வர, நாளுக்கு எட்டுப் பத்து மணிநேரம் அவர் பறந்தார். உபரியாக ஒரு புரொப்பல்லரையும் விமானத்தின் பக்கவாட்டில் கட்டி எடுத்துச் சென்றார். அந்தப் புரொப்பல்லர் எவ்வளவு முக்கியமானது என்பது ரங்கூனுக்கு அருகில் தெரியவந்தது.

1930 மே 5 அன்று காலை குராய்டன் விமான நிலையத்திலிருந்து அவர் புறப்பட்டபோது, வழியனுப்ப வந்திருந்தவர்கள் அப்பாவும் சில நண்பர்களும் மட்டுமே. அதுவரை அவர் பறந்த மிக நீண்ட தூரம் லண்டனிலிருந்து ஹல் வரைதான். கடலுக்கு மேல் பறந்ததே இல்லை. முதல் நாள் வியன்னா, இரண்டாம் நாள் கான்ஸ்டான்டிநோபிள், மூன்றாம் நாள் டாரஸ் மலைகளின் கணவாய் வழியாக, ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே அலெப்போ என்று பயணம் ஒழுங்காகவே சென்றது. ஒவ்வொரு நாளும் இறங்கியபின் அவருடைய இரண்டாவது வேலை தொடங்கும். எண்ணெய் மாற்றி, ஸ்பார்க் பிளக்குகளைத் துடைத்து, வடிகட்டிகளைச் சுத்தம் செய்து, பெட்ரோல் நிரப்பி முடிக்கும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். விடியுமுன் மறுபடி புறப்பாடு. இரவில் மூன்று நான்கு மணிநேரத் தூக்கம் கிடைத்தாலே பெரிது.

நான்காம் நாள், பாக்தாதை நோக்கிச் செல்லும்போது பாலைவனத்தில் மணற்புயல் வந்து சூழ்ந்தது. விமானம் சடசடவென்று கீழிறங்க, கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையில் அவர் எப்படியோ மணலில் இறக்கிவிட்டார். இறங்கியவுடன் முதலில் செய்தது என்ன என்பது கவனிக்கத்தக்கது. காற்று விமானத்தை உருட்டிக்கொண்டு போகாமலிருக்கப் பெட்டிகளையும் கருவிப் பைகளையும் இழுத்து வந்து சக்கரங்களுக்கு அண்டைக் கொடுத்தார். எஞ்சினுக்குள் மணல் புகாதபடி அதன் உறையை, காற்றோடு போராடி இழுத்துக் கட்டினார். அதன்பிறகே, தூரத்தில் நாய்கள் குரைக்கும் ஓசை கேட்டு, கைத்துப்பாக்கியோடு விமானத்தின் வால்பகுதியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மணற்புயலைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் அந்தத் துப்பாக்கியைத்தான் படம்பிடிக்கிறார்கள். என் பார்வையில் அந்த உறைதான் பெரிது. மணல் தின்ற எஞ்சினோடு பாலைவனத்தில் சிக்கியிருந்தால் துப்பாக்கியால் என்ன பயன் இருந்திருக்கும்? ஏறத்தாழ மூன்று மணிநேரம் கழித்துப் புயல் தணிய, எஞ்சின் உடனே உயிர்பெற்றது. அன்று மாலையே பாக்தாத் போய்ச் சேர்ந்தார்.

பாக்தாதில் இறங்கும்போது சக்கரங்களைத் தாங்கும் தண்டு ஒன்று முறிந்தது. இரவோடிரவாக அதைச் சரிசெய்து, பாரசீகத்தின் பந்தர் அப்பாஸ் வழியாக மே 10 அன்று கராச்சியை அடைந்தார். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஆறே நாள். ஹிங்க்லருக்கு எட்டு நாள் ஆகியிருந்தது. அதுவரை செய்தித்தாள்களில் மூலையில் கிடந்த பெயர், கராச்சியிலிருந்து தந்தி போன அன்றே முதல் பக்கத்துக்கு வந்தது.

இந்தியாவின்மேல் பறந்த பகுதியைச் சொல்லாமல் விட முடியாது. கராச்சியிலிருந்து அலகாபாத்துக்கு ஒரே மூச்சில் போய்விடலாம் என்று கணக்கிட்டிருந்தார். எதிர்க்காற்று பெட்ரோலைத் தின்றுவிட்டது. டேங்க் வற்றும் நிலையில் ஜான்சியில் ராணுவ முகாமின் அணிவகுப்புத் திடல் கண்ணில் பட, அதில் இறக்கினார். மரங்களுக்கும் சிதறி ஓடிய மனிதர்களுக்கும் நடுவே உருண்டோடிய விமானம் ஒரு கட்டடத்தில் மோதி நின்றது, இறக்கையில் சேதம். முகாமில் இருந்தவர்களின் உதவியோடு பழுதுபார்த்து, மறுநாள் விடியலில் கிளம்பி, அலகாபாத்தில் பெட்ரோல் நிரப்பி, அன்றே கல்கத்தா சேர்ந்தார். மே மாத வெயிலில் ஜான்சி எப்படிக் கொதிக்கும் என்று அறிந்தவர்களுக்கு, திறந்த இருக்கையில் வெயிலில் வெந்து வந்து, அதோடு இறக்கையையும் பழுதுபார்த்துக்கொண்டு, மறுநாளே கல்கத்தா வரை பறந்தார் என்பதன் கனம் புரியும்.

மே 13. அரக்கான் மலைகளின்மேல் பருவமழை மேகம். அதைக் கடந்து ரங்கூனில் குதிரைப் பந்தயத் திடலில் இறங்க வேண்டும். மழையில் பார்வை மங்க, நகருக்கு வெளியே இன்செயின் என்ற இடத்திலிருந்த விளையாட்டுத் திடலைப் பந்தயத் திடல் என்று எண்ணி இறங்கிவிட்டார். திடல் சிறியது, விமானம் நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. புரொப்பல்லர் உடைந்தது, சக்கரத் தண்டுகள் வளைந்தன, ஒரு இறக்கை நொறுங்கிக் கிழிந்தது. ஏமி அழுதேவிட்டார். சாதனை நேரம் கையிலிருந்து நழுவுவது அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

ஆனால் அவர் வந்து விழுந்த இடம் ஒரு அரசுத் தொழில்நுட்பப் பள்ளியின் வளாகம். ஆசிரியர்களும் மாணவர்களும் வேலையில் இறங்கினார்கள். உடைந்த இறக்கையின் மரச் சட்டங்களை அளவெடுத்துப் புதிதாகச் செய்தார்கள். வளைந்த இரும்புத் தண்டுகளைப் பட்டறையில் நிமிர்த்தினார்கள். இறக்கைமேல் போர்த்த விமானத் துணி வேண்டுமே, அதற்கு எங்கே போவது? முதல் உலகப் போருக்குப் பிறகு மிஞ்சிப்போன விமான லினன் துணி மலிவாக விற்கப்பட்டபோது, அதை வாங்கி அந்த ஊரில் சட்டைகள் தைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து, துண்டுகளை ஒன்றாகத் தைத்து இறக்கைமேல் போர்த்தினார்கள். துணி போர்த்தினால் மட்டும் போதாது. அதன்மேல் ஒருவகை வார்னிஷ் பூச வேண்டும். அது உலரும்போது துணி சுருங்கி முரசுத் தோல்போல விறைத்துக்கொண்டால்தான் இறக்கை காற்றைத் தாங்கும். அந்த வார்னிஷும் தீர்ந்துபோக, உள்ளூர் மருந்துக் கடைக்காரர் கைவசமிருந்த பொருள்களை வைத்து அதற்கு ஈடான ஒன்றைக் கலக்கிக் கொடுத்தார். உடைந்த புரொப்பல்லரின் இடத்தில், லண்டனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த உபரிப் புரொப்பல்லர் ஏறியது. எஞ்சினை ஏமி பார்த்துக்கொண்டார். மூன்று நாளில் விமானம் பறக்கத் தயாரானது.

இந்த நிகழ்ச்சி அதிர்ஷ்டமா, திறமையா? தொழில்நுட்பப் பள்ளியின் அருகில் விழுந்தது அதிர்ஷ்டம்தான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எஞ்சினும் இறக்கையும் எப்படி இயங்குகின்றன என்று தெரியாத ஒரு விமானியாக இருந்திருந்தால், அந்தப் பழுதுபார்த்தல் சரியாக நடந்ததா, இந்த இறக்கையை நம்பிக் கடலைக் கடக்கலாமா என்று முடிவெடுக்க அவரால் முடிந்திருக்காது. ஒரு தேர்ந்த மெக்கானிக் ரங்கூனுக்கு வந்து சேரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இன்செயினில் அவருடைய உரிமம் தன் மதிப்பைக் காட்டியது.

மீதிப் பயணமும் எளிதாக இல்லை. பாங்காக், சிங்கோரா, சிங்கப்பூர் கடந்து ஜாவாவை நெருங்கும்போது மழையில் வழி தெரியாமல், ஜோமால் என்ற ஊரில் ஒரு சர்க்கரை ஆலையின் நிலத்தில் இறங்கினார். அங்கே நட்டிருந்த மூங்கில் குச்சிகள் இறக்கைத் துணியைக் குத்திக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் துணியால் ஓட்டைகளை அடைத்துக்கொண்டு கிளம்பினார். திமோர் தீவில் இருட்டும் நேரத்தில் ஹாலிலூலிக் என்ற சிற்றூரில், கறையான் புற்றுகள் நிறைந்த வெளியில் இறங்கினார். அங்கிருந்து தந்தி அடிக்க வசதி இல்லாததால், அவர் காணாமல் போய்விட்டார் என்று இங்கிலாந்தில் ஒரு நாள் முழுதும் பதறினார்கள். மே 24 அன்று, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் அகலமுள்ள திமோர் கடலைத் தனியாகக் கடந்து, மாலையில் டார்வினில் இறங்கினார். பத்தொன்பதரை நாள். ஹிங்க்லரின் நேரத்தைவிட நான்கு நாள் அதிகம்.

ஆக, அவர் குறிவைத்த சாதனை கிடைக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்பது வரலாறானது. ‘டெய்லி மெயில்’ நாளிதழ் 10,000 பவுண்டு தந்தது. பிரிட்டிஷ் அரசு சி.பி.இ. என்ற கௌரவப் பட்டம் தந்தது. ஆகஸ்டில் அவர் லண்டன் திரும்பியபோது குராய்டனிலிருந்து நகரம்வரை சாலையின் இருபுறமும் மக்கள் திரண்டு நின்றார்கள். பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்த நேரம் அது. பிரபு குடும்பத்தில் பிறக்காத, நேற்றுவரை தட்டச்சு எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த இருபத்தாறு வயதுப் பெண், பழைய விமானத்தில் உலகத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார் என்ற செய்தியில் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்களைக் கண்டார்கள். கொண்டாட்டத்தின் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் புகழ் அவரை வதைக்கவும் செய்தது. ஊர் ஊராக விருந்து, உரை, ஊர்வலம் என்று நாளிதழ் ஏற்பாடு செய்த சுற்றுப்பயணத்தை உடலும் மனமும் தாங்காமல் பாதியில் நிறுத்திக்கொண்டார். சிட்னி நகரின் பள்ளிக் குழந்தைகள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் ஒரு தங்கக் கோப்பை செய்து, ஆண்டுதோறும் துணிவான செயல் புரியும் குழந்தைக்குத் தரும்படி ஹல் நகருக்கு அளித்தது, அந்த ஆரவாரத்துக்கு நடுவே அவர் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று.

தரையிறக்கம் குறித்த குறையை மூடிமறைக்க வேண்டாம். டார்வினை அடைந்த சில நாளில் பிரிஸ்பேனில், ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடுதிடலைத் தாண்டி விமானத்தைக் கவிழ்த்தார். 1931 தொடக்கத்தில் பீகிங்குக்குப் பறக்க முயன்று போலந்தில் விழுந்தார். ஆனால் அதே ஆண்டு ஜூலையில், தனக்கு வேலை கற்றுத்தந்த ஜாக் ஹம்ப்ரீஸையே துணைக்கு அழைத்துக்கொண்டு லண்டனிலிருந்து ஒரே நாளில் மாஸ்கோவும், அங்கிருந்து சைபீரியா வழியாக டோக்கியோவும் சென்றார். 1932 நவம்பரில் லண்டன்–கேப்டவுன் தனிப்பயணத்தில் இருந்த சாதனையைப் பத்து மணிநேரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் முறியடித்தார். அந்தச் சாதனைக்குச் சொந்தக்காரர் அவரை 1932 ஜூலையில் மணந்த கணவர் ஜிம் மாலிசன்! 1936-இல் அதே பாதையில் மறுபடியும் சாதனை. பயிற்சி ஏறஏற அவர் வளர்ந்துகொண்டே போனார் என்பதற்கு இவை போதும்.

மாலிசனோடு சேர்ந்து செய்த பயணங்கள் அவ்வளவு நல்லபடியாக அமையவில்லை. 1933-இல் இருவரும் வேல்ஸிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க்கை நெருங்கிவிட்ட நிலையில், கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருட்டில் இறக்கும்போது விமானம் கவிழ்ந்து இருவரும் காயப்பட்டார்கள். 1934-இல் இங்கிலாந்து–மெல்போர்ன் விமானப் பந்தயத்தில் டி ஹாவிலாண்ட் காமெட் விமானத்தில் முன்னணியில் கராச்சி வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து வழி தவறி ஜபல்பூரில் இறங்க நேர்ந்தது. பந்தயத்துக்கென்று கூர்மைப்படுத்திய அந்த எஞ்சின்களுக்கு உயர்தர விமானப் பெட்ரோல் தேவை. ஜபல்பூரில் கிடைத்ததோ உள்ளூர்ப் போக்குவரத்து நிறுவனத்திடமிருந்த சாதாரணப் பெட்ரோல். அதை ஊற்றிக்கொண்டு அலகாபாத் போவதற்குள் எஞ்சின் பழுதாகி, பந்தயம் அங்கேயே முடிந்துபோனது. மணவாழ்வும் 1938-இல் முறிந்தது.

இவற்றுக்கு இடையில், பலர் குறிப்பிடாமல் தாண்டிப்போகும் ஒரு பொறுப்பு உண்டு. 1935 முதல் 1937 வரை பிரிட்டனின் மகளிர் பொறியியல் சங்கத்துக்கு அவர் தலைவராக இருந்தார். விமான ராணி என்று உலகம் அழைத்த காலத்திலும், அவர் தன்னைப் பொறியாளர்களின் வரிசையில் வைத்துப் பார்த்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இனி மூன்றாவது கேள்வி. இரண்டாம் உலகப் போரின்போது, தொழிற்சாலைகளிலிருந்தும் பணிமனைகளிலிருந்தும் விமானங்களை விமானப்படைத் தளங்களுக்கு ஓட்டிச் சேர்க்கும் வேலையை ஏ.டி.ஏ. (Air Transport Auxiliary) என்ற துணை அமைப்பு செய்துவந்தது. ஏமி 1940-இல் அதில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5 அன்று காலை, ஆக்ஸ்ஃபோர்டு வகை இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள கிட்லிங்டன் தளத்துக்கு எடுத்துச் சென்றார். நல்ல வானிலையில் ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். அன்று பனியும் தாழ்ந்த மேகமும் நாட்டை மூடியிருந்தன. மூன்றரை மணிநேரத்துக்கும் மேலாகியும் அவர் தளம் சேரவில்லை. பிற்பகலில், போக வேண்டிய இடத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி, தேம்ஸ் ஆற்றின் கடல்வாயில் ஹெர்ன் பே கடற்கரைக்கு அப்பால், மேகத்திலிருந்து ஒரு பாராசூட் இறங்குவதை அங்கே சென்றுகொண்டிருந்த கப்பல் வரிசையினர் கண்டார்கள். ஹேஸில்மியர் என்ற கடற்படைக் கப்பல் மீட்க விரைந்தது. கயிறு வீசினார்கள், உறைபனிக் குளிரில் ஏமியால் பிடிக்க முடியவில்லை. கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர் தாமே கடலில் குதித்து நீந்தினார். ஃபிளெட்சரைத் தூக்கியெடுக்கும்போது அவர் நினைவிழந்திருந்தார். குளிரின் தாக்கத்தால் இறந்துபோனார். ஏமியின் உடல் கிடைக்கவேயில்லை. அவருடைய பைகள் மிதந்து வந்தன. அப்போது ஏமிக்கு வயது 37.

சுட்டு வீழ்த்தப்பட்டார் என்ற செய்தி 1999-இல் வந்தது. போர்க்காலத்தில் கென்ட் பகுதியில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் இருந்த ஒருவர், அன்றைய அடையாளக் குறியீட்டைத் தவறாகக் காட்டிய ஒரு விமானத்தைத் தாங்கள் சுட்டதாகவும், அது ஏமியுடையது என்று பிறகு புரிந்துகொண்டதாகவும் சொன்னார். அந்த மனிதர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. ஆனால் 58 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒருவருடைய நினைவு அது. உடல் கிடைக்காதபோது அதை உறுதிசெய்ய வழியில்லை. கப்பலின் புரொப்பல்லரில் சிக்கியிருக்கலாம் என்ற கருத்துக்கும் இதே நிலைதான். ரகசியப் பணியில் வேறொருவரை ஏற்றிச் சென்றார் என்ற கதை, கடலில் இன்னொரு உருவத்தைப் பார்த்ததாகச் சில மாலுமிகள் சொன்னதிலிருந்து வளர்ந்தது. கனமான பை ஒன்று மிதந்ததைக்கூட அந்த அலையில் அப்படிப் பார்த்திருக்கலாம்.

கிடைத்திருக்கும் செய்திகளுக்கு அதிகம் பொருந்தும் விளக்கம் எளியது. ஏ.டி.ஏ. விமானிகள் வானொலித் தொடர்பு இல்லாமல்தான் பறந்தார்கள். தரையைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். மேகத்துக்கு மேலே ஏறிவிட்ட ஏமிக்குத் தரை தெரியவில்லை. எங்காவது இடைவெளி கிடைக்கும் என்று தேடிக்கொண்டே பறந்ததில், காற்று அவரைத் தென்கிழக்காகத் தள்ளியது; பெட்ரோல் தீரும் நிலை வந்தது. மேகத்துக்குள் கண்மூடித்தனமாக இறக்குவதைவிடப் பாராசூட்டில் குதிப்பதே சரியான முடிவு. கீழே நிலம் இருக்கும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும், இருந்தது கடல். சட்டப்படி அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றம் அறிவித்தது 1943 டிசம்பரில். ஃபிளெட்சருக்கு மறைவுக்குப் பின் ஆல்பர்ட் பதக்கம் வழங்கப்பட்டது. இன்செயினில் சட்டைத் துணி போர்த்திப் பறந்த ஜேசன் விமானம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே செல்பவர்கள் அதன் இறக்கைகளையும் எஞ்சினையும் அருகில் நின்று பார்த்தால், மேலே சொன்னவற்றில் பாதி விளக்கமில்லாமலே விளங்கிவிடும்.